சொல்லத் தெரியும், எழுதத் தெரியாது



மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை. தில்லியில் நாங்கள் குடியிருக்கும் பகுதியில் மின்சாரம் நின்றுபோயிருந்தது. கோவில்பட்டியிலிருந்து என் தாயார் வந்திருந்த சமயம் அது. நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகன் இருட்டில் தன் ஆச்சியின் அருகே அமர்ந்து பருவக்காற்றைப் பற்றி அவருக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு தலையணையை நிமிர்த்தி வைத்து, அதுதான் மேற்குத் தொடர்ச்சி மலை என்றான். தன் கையையே மேகமாக்கி அதன்மேல் மோதிக் காட்டினான். என் தாயார் பள்ளிக்கூடம் அதிகம் சென்றவர் அல்லர். ஆயினும் வானம் பார்த்த பூமியில் பிறந்தவர். சும்மா கேட்டுக்கொண்டிருப்பாரா?

"தென்காசிக்குச் சாரல் அடிக்குதே, நம்ம ஊருக்கு ஏன்யா அடிக்க மாட்டேங்குது?" என்று கேட்டார்.

"மேகமெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிருது ஆச்சி. கணவாய் வழியா கொஞ்சம் தப்பிச்சு வருது. அது தென்காசிக்கே சரியாப் போயிருது. நமக்கு வெறுங்காத்துதான். நம்ம மழை ஐப்பசியிலே கிழக்கே இருந்து வரும்" என்றான் பையன்.

நான் அடுத்த அறையில் இருந்தேன். அன்று காலை பள்ளியிலிருந்து வந்த அவனுடைய தேர்வுத்தாள் என் கையில் இருந்தது. தென்மேற்குப் பருவக்காற்றால் தமிழ்நாடு ஏன் அதிக மழை பெறுவதில்லை என்பது அதில் ஒரு வினா. அதற்கு அவன் எழுதியிருந்த விடை ஒன்றரை வரி. அதிலும் இரண்டு சொற்கள் அடித்துத் திருத்தப்பட்டு, ஒன்று படிக்க இயலாமல், மற்றொன்று பாதியில் நின்றிருந்தது. அதற்குக் கிடைத்த மதிப்பெண் சுழி. அந்தத் தாளைக் கண்ட சினத்தில், விளக்கு அணைவதற்குச் சற்று முன்னர்தான், விடை முழுவதையும் பத்து முறை எழுதும்படி அவனுக்குக் கட்டளையிட்டிருந்தேன். பள்ளிக்கூடத்து வழக்கில் அதற்கு இம்பொசிஷன் என்று பெயர். மின்சாரம் நின்றது அவனுக்கு அன்று வாய்த்த நல்லூழ்.

ஆசிரியரும் அறியாத கோவில்பட்டி உதாரணத்தோடு விடை சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அதையே எழுதத் தெரியவில்லை. இந்த முரண்பாட்டைப் பற்றித்தான் இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன். பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இதனைச் சற்றுக் கவனமாகக் கேட்க வேண்டும் என்று கருதுகிறேன். ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மகன் இரண்டாம் வகுப்பிலேயே எழுத்தில் பின்தங்கத் தொடங்கிவிட்டான். பள்ளியில் விசாரித்தபோது, "உங்கள் வீட்டில் பேசுவது தமிழ், ஆகவே இந்தியும் ஆங்கிலமும் மெதுவாகத்தான் வரும்" என்றார்கள். நானும் அதை ஏற்றுக்கொண்டேன். ஏற்றுக்கொண்டது மட்டுமன்று, வீட்டில் தமிழைக் கைவிடாத குடும்பம் என்று உள்ளூரச் சிறிது பெருமையும் அடைந்தேன். அந்தப் பெருமையில் இரண்டு ஆண்டுகள் வீணாயின. அவன் தமிழையும் எழுத இயலாமல் இருந்தான் என்பதை நான் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். வீட்டுமொழியே இந்திக்கும் ஆங்கிலத்துக்கும் தடை என்றால், அந்த வீட்டுமொழியின் எழுத்தாவது தடையின்றி வந்திருக்க வேண்டும் அல்லவா?

பின்னர் மருத்துவமனையில் சோதித்து, அவனுக்கு இருப்பது டிஸ்லெக்சியா என்றார்கள். மொழிபெயர்ப்பை உத்தியோகமாகக் கொண்டவன் ஆதலால், அச்சத்திற்கு முன்னால் எனக்குத் தோன்றியது அந்தச் சொல்லைத் தமிழில் எவ்வாறு தருவது என்ற கேள்விதான். கிரேக்கத்தில் 'டிஸ்' என்றால் இடர்ப்பாடு. 'லெக்சிஸ்' என்றால் சொல். சொல்லிடர்ப்பாடு எனலாம். நாம் 'கற்றல் குறைபாடு' என்று வழங்குகிறோம். எனக்கு அந்த வழக்கு முழு நிறைவு தரவில்லை. கற்பதில் அவனுக்குக் குறையில்லை. பருவக்காற்றை அவன் கற்றிருந்தான். எழுத்து வழியாக அது வெளிவரவில்லை, அவ்வளவுதான்.

இந்த இடர்ப்பாடு புதிதாகத் தோன்றியது அன்று. பார்வை நன்றாயிருந்தும் எழுத்தைப் படிக்க முடியாத நிலையை 1877-இல் ஜெர்மானிய மருத்துவர் குஸ்மால் 'சொற்குருடு' என்று குறிப்பிட்டார். அவருடைய நாட்டவரான ருடால்ப் பெர்லின் என்ற கண் மருத்துவர் டிஸ்லெக்சியா என்ற பெயரைப் படைத்தார். 1887-இல் அதைப் பற்றித் தனி நூலே எழுதினார். அவர்கள் கண்டவை, வளர்ந்தவர்களுக்கு மூளை நோயினால் நேர்ந்தவை. பிறவியிலேயே இவ்வாறு இருக்கும் ஒரு பிள்ளையைப் பற்றி 1896-இல் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர் எழுதினார். பதினான்கு வயதுச் சிறுவன், கூர்மையான அறிவு, ஆயினும் எளிய சொல்லையும் பிழையின்றி எழுத இயலவில்லை. அவனுக்குச் சில ஆண்டுகள் பாடம் சொன்ன ஆசிரியரின் கருத்தையும் மார்கன் பதிவு செய்திருக்கிறார். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடக்குமானால் பள்ளியிலேயே இவன்தான் முதல் மாணவனாக இருப்பான் என்பது அந்த ஆசிரியரின் கருத்து. நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அந்தச் செய்தியைப் படித்தபோது, என் வீட்டுத் தலையணை மலையை யாரோ முன்கூட்டியே பார்த்துவிட்டதுபோல் இருந்தது.

கண்ணில் கோளாறு, அறிவில் மந்தம், உடம்பில் சோம்பல் என்ற மூன்றும் இதற்குக் காரணம் அல்ல. பேச்சு மனிதனுக்குத் தானாக வருவது. எழுத்து கற்பித்தால் வருவது. எழுதவேண்டுமானால், காதில் ஒன்றாக ஒலிக்கும் சொல்லை ஒலிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய எழுத்தை விரைவாக நினைவிலிருந்து எடுக்கவேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சில ஆண்டுப் பயிற்சியில் இது மூச்சு விடுவதுபோல் ஆகிவிடுகிறது. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு ஒவ்வொரு முறையும் புதிய வேலையாகவே நிற்கிறது.

இப்பொழுது நம் பிள்ளைகள் சுமக்கும் எழுத்துச் சுமையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஒரு குழந்தை தமிழ், ஆங்கிலம் என்ற இரண்டு வரிவடிவங்களோடு போராடுகிறது. தில்லியில் வாழும் தமிழ்க் குழந்தைக்கு நாகரி எழுத்தும் சேர்ந்துவிடுகிறது. கல்கத்தாவில் வங்க எழுத்து. தமிழில் 'க' என்ற ஒரே எழுத்து இடத்துக்கு ஏற்ப மூன்று விதமாக ஒலிக்கும். நாகரியிலோ அந்த இடத்தில் நான்கு எழுத்துகள் வரிசையாக நிற்கின்றன. ஒலிகளைப் பிரித்தறிவதே இடராக இருக்கும் பிள்ளை இந்த இரண்டு கணக்குகளையும் ஒரே நாளில் போடவேண்டியிருக்கிறது. 'கெ' என்று எழுதும்போது மெய்யின் ஒலி முன்னே வருகிறது, உயிரின் ஒலி பின்னே வருகிறது; ஆனால் உயிரின் அடையாளமாகிய கொம்பை முதலில் எழுதுகிறோம். 'கொ' என்றால் முன்னும் பின்னுமாக இரண்டு அடையாளங்கள். நாகரியின் குறில் இகரமும் எழுத்துக்கு இடப்புறம் போய் அமர்கிறது, வங்கத்திலும் அப்படியே. வாய் சொல்லும் வரிசையும் கை எழுதும் வரிசையும் மாறிக் கிடக்கும் இந்த இடங்களில்தான் என் மகனின் பென்சில் தவறாமல் நின்றுவிடும். ஆங்கிலத்தின் குழப்பங்களை நான் சொல்லவேண்டியதில்லை.

தமிழில் மற்றுமோர் இடைவெளி உண்டு. நாம் பேசும் தமிழ் வேறு, எழுதும் தமிழ் வேறு. "நேத்து மழை வந்துச்சு" என்று சொல்லும் குழந்தை "நேற்று மழை வந்தது" என்று எழுதவேண்டும். மதுரையில் வளரும் பிள்ளை கடைப்பலகையிலும் பேருந்திலும் சுவரொட்டியிலும் எழுத்துத் தமிழை நாள்தோறும் காண்கிறது. கரோல்பாக்கிலோ மாதுங்காவிலோ வளரும் பிள்ளை, அந்தத் தமிழ்க் கடைவீதியைத் தாண்டிவிட்டால், அதை அதிகம் காண்பதற்கில்லை. அவனுக்குத் தமிழ் என்பது தாயின் குரல் மட்டுமே. எழுத்துத் தமிழ் ஏறக்குறைய இன்னொரு மொழி.

ஆனால் அந்தக் குரல் சிறிய செல்வமன்று. எழுதத் தடுமாறும் பிள்ளையை எழுத்துக்கு அழைத்து வரும் வழி அதிலேதான் இருக்கிறது.

எழுதுதல் என்று ஒரே சொல்லால் குறிப்பிட்டாலும், அதில் இரண்டு தொழில்கள் கலந்திருக்கின்றன. என்ன சொல்வது, எந்த வரிசையில் சொல்வது, எந்தச் சொல்லால் சொல்வது என்று உள்ளத்தில் அமைப்பது ஒன்று. அமைத்ததை எழுத்துப் பிழையின்றித் தாளில் இறக்குவது மற்றொன்று. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு இரண்டாவது தொழில் கவனம் முழுவதையும் விழுங்கிவிடுகிறது. 'பருவக்காற்று' என்ற சொல்லில் வல்லின றகரமா இடையின ரகரமா என்று அவன் மல்லாடும்போது, அதன் பின்னால் காத்திருந்த மேகமும் மலையும் கணவாயும் மனத்திலிருந்து கலைந்துபோகின்றன. தனக்கு நிச்சயமாக எழுதத் தெரிந்த சொற்களை மட்டும் பொறுக்கி ஒன்றரை வரியோடு நிறுத்திக்கொள்கிறான். அந்த வரிகளைக் கண்டு நாம் அவனுடைய அறிவை அளக்கிறோம்.

இரண்டு தொழில்களையும் பிரித்துவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவில் மெக்ஆர்தர், கவாலியர் என்ற இருவர் நடத்திய ஓர் ஆய்வு 2004-இல் வெளிவந்தது. கற்றலில் இடர்ப்பாடு உள்ள உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் கையால் எழுதவைத்தும், கணிப்பொறி கேட்டு எழுதும்படி பேசவைத்தும், ஒரு மனிதர் எழுதிக்கொள்ளச் சொல்லவைத்தும் கட்டுரைகள் பெற்றார்கள். மனிதருக்குச் சொன்னவை சிறந்திருந்தன. கணிப்பொறிக்குச் சொன்னவை அடுத்து. கையால் எழுதியவை கடைசி. இடர்ப்பாடு இல்லாத மாணவர்களிடம் இத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே சொல்லி எழுதவைப்பது இவர்களுக்குத் தரப்படும் தனிச்சலுகை என்று எவரும் பொருமவேண்டியதில்லை. வழியில் கிடக்கும் கல்லை எடுத்துப் போடுவது சலுகையாகுமா?

பிறர் கையால் எழுதுவித்தல் இழிவு என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. நானே அவ்வாறு எண்ணியவன். ஆனால் நான் உத்தியோகம் பார்த்த இடங்களில் எத்தனையோ உயர் அதிகாரிகள் தம் கடிதங்களை வாயால் சொல்ல, சுருக்கெழுத்தாளர் எழுதிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். அந்த அதிகாரிகளை எழுதத் தெரியாதவர்கள் என்று எவரும் சொன்னதில்லை. நம் இலக்கிய மரபிலும் இது புதிதன்று. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் வாழ்ந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்கள் பாடல்களை மனத்திலேயே அமைத்து வாயால் சொல்வார். மாணவர்கள் ஏட்டில் எழுதிக்கொள்வார்கள். அவ்வாறு எழுதியவர்களில் ஒருவர் பின்னாளில் டாக்டர் சாமிநாதையராக விளங்கினார். வியாசர் சொல்ல விநாயகர் எழுதிய கதையை நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். பொருள் உணராமல் எழுதலாகாது என்பது அங்கே எழுதுபவருக்கு விதித்த நிபந்தனை. நம் வீடுகளில் எழுதிக்கொடுக்க அமரும் தாய் தந்தையர்க்கும் அதையே நான் சிபாரிசு செய்வேன்.

நாங்கள் வீட்டில் கைக்கொண்ட முறையைச் சிறிது விரிவாகச் சொல்கிறேன். நான் ஆசிரியனோ மருத்துவனோ அல்லன். பயிற்சி பெற்ற ஆசிரியை ஒருவர் எங்களுக்கு வழிகாட்டினார். இரவு உணவுக்குப் பின் கால் மணி நேரம் அவன் ஏதேனும் ஒன்றைச் சொல்வான். ரயிலில் ஊருக்குப் போனது, கிரிக்கெட் ஆட்டத்தில் தகராறு, எதுவாயினும் சரி. நான் அவன் சொன்ன சொற்களிலேயே எழுதுவேன். எழுதி முடித்ததும் அவனிடம் படிக்கக் கொடுப்பேன். மற்றவர் எழுதிய பாடத்தில் திக்கித் திணறுபவன் இதில் அவ்வளவு திணறவில்லை. தான் சொன்னதுதானே, அடுத்த சொல் என்னவென்று அவனுக்குத் தெரியும். நியூசிலாந்தில் மாவோரிப் பழங்குடிக் குழந்தைகளுக்குப் பாடம் சொன்ன சில்வியா ஆஷ்டன்-வார்னர் என்ற ஆசிரியை, குழந்தையின் வாயிலிருந்து அன்றன்று வரும் சொல்லையே அட்டையில் எழுதிக் கொடுத்து அதிலிருந்து வாசிப்பைத் தொடங்கினார். 1963-இல் அவர் வெளியிட்ட நூல் பல நாடுகளில் படிக்கப்பட்டது. எங்கள் வீட்டில் நடந்ததும் ஏறக்குறைய அதுவே.

இதில் எனக்கு நேர்ந்த சங்கடத்தை மறைக்கவேண்டியதில்லை. பிழை திருத்தியே சம்பளம் வாங்குபவன் நான். "ரயிலு நின்னுச்சு" என்று அவன் சொன்னால் என் கை தானாக "இரயில் நின்றது" என்று எழுதிவிடும். எழுதியதை அவனிடம் கொடுத்தால் அவன் நிமிர்ந்து பார்த்து, "இது நான் சொன்னது இல்லேப்பா" என்பான். அவன் சொன்னதே நியாயம். சொன்ன சொல் ஒன்றும் தாளில் இருப்பது வேறொன்றுமானால், ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவை அவன் எதைக் கொண்டு கற்பான்? ஆகவே முதல் பிரதி அவனுடைய பேச்சிலேயே இருக்கும். ஓர் எழுத்தையும் திருத்துவதில்லை என்று ஏற்பாடு செய்துகொண்டோம். மறுநாள் அதையே எடுத்துவைத்து, "இதைப் புத்தகம் எப்படிச் சொல்லும்?" என்று கேட்பேன். அவன் செய்தி அறிக்கை படிப்பவரைப்போல் குரலை மாற்றிக்கொண்டு, "இரயில் நின்றது" என்பான். அதை இரண்டாம் பிரதியில் எழுதுவோம். பேச்சுத் தமிழிலிருந்து எழுத்துத் தமிழுக்குச் செல்வதும் ஒரு மொழிபெயர்ப்புத்தான் என்பதை இருபது ஆண்டு உத்தியோகத்தில் அறியாமல், அந்தச் சாப்பாட்டு மேசையில் அறிந்துகொண்டேன்.

சில மாதங்களுக்குப் பின் அவனே எழுதத் தொடங்கினான். அப்பொழுதும் வாய்தான் முன்னே செல்லும். எழுதப்போகும் வாக்கியத்தை முதலில் உரக்கச் சொல்லவேண்டும். சொல்லுக்கு ஒன்றாகப் புளியங்கொட்டைகளை மேசைமேல் வரிசையாக வைக்கவேண்டும். ஐந்து சொல் என்றால் ஐந்து கொட்டை. ஒரு சொல்லை எழுதி முடித்ததும் ஒரு கொட்டையை நகர்த்திவிடுவான். நடுவில் எழுத்துக்காகத் தடுமாறினாலும், வாக்கியத்தில் எங்கே நிற்கிறோம் என்பதைக் கொட்டைகள் சொல்லிவிடும். மீண்டும் உரக்கச் சொல்லித் தொடர்வான். சொற்களை விழுங்கிவிட்டு எழுதும் பழக்கம் இதனால் பெரிதும் குறைந்தது. பல்லாங்குழிக்கு என்று என் தாயார் ஊரிலிருந்து கொண்டுவந்த கொட்டைகள் அவை.

கடினமான சொற்களுக்கு வேறொரு வழி. சொல்லைச் சொல்லி, பிறகு ஒவ்வோர் எழுத்தின் பெயரையும் சொல்லிக்கொண்டே எழுதி, எழுதிய சொல்லைத் திரும்பப் படிப்பது. அமெரிக்காவில் அன்னா கில்லிங்ஹாம், பெஸ்ஸி ஸ்டில்மன் என்ற இரு ஆசிரியைகள் 1930-களில் வகுத்த முறை இது. இன்றும் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்கு உலகெங்கும் கையாளப்படுகிறது. வாயும் காதும் கையும் கண்ணும் ஒரே வேளையில் தொழில் செய்தால் எழுத்து நினைவில் நன்கு பதியும் என்பது அதன் கருத்து. இதைக் கேட்ட என் தாயார், "இது எங்க திண்ணைப் பள்ளிக்கூடம்தானே?" என்றார். மணலைப் பரப்பி, விரலால் வரைந்து, வரையும்போதே எழுத்தை உரக்கச் சொல்வது நம் திண்ணைப் பள்ளிகளின் வழக்கம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு தம் பள்ளியிலும் அதைப் புகுத்தினார். 1797-இல் லண்டனில் நூல் எழுதி வெளியிட்டார். பழைய திண்ணைப் பள்ளியின் பிரம்பையும் நான் போற்றுகிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். மணலை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

இப்பொழுது கைத்தொலைபேசியும் ஏடெழுதுகிறது. தமிழில் பேசினால் தமிழ் எழுத்தில் காட்டும் வசதியைக் கூகுள் நிறுவனம் 2017-இல் அளித்தது. பையன் முதன்முதலில் அதனிடம் பேசி, தன் சொற்கள் திரையில் வரிசையாக வந்து நிற்பதைப் பார்த்தபோது கொண்ட மகிழ்ச்சி பெரிது. எனினும் அதை முழுவதும் நம்பிவிட இயலாது. கோவில்பட்டிப் பேச்சு அதற்குச் சில இடங்களில் பிடிபடுவதில்லை. அரைப்புள்ளி, கால்புள்ளிகளை அது பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. தவறாக எழுதியதைக் கண்டுபிடிக்கவேண்டியவன் வாசிப்பில் இடர்ப்படும் பிள்ளைதான் என்பது மிகப் பெரிய சிக்கல். எழுதியதை அந்தக் கருவியையே உரக்கப் படிக்கச்செய்து காதால் பிழை பிடிப்பது இதற்கு ஓரளவு பரிகாரம். கண் தவறவிடுவதைக் காது பிடித்துவிடுகிறது. மற்றொன்று, சொல்வதற்கு முன் சற்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். எண்ணாமல் பேசினால் பத்துத் தாள் நிறைந்தாலும் அது கட்டுரையாகாது. முதலில் மூன்று படங்கள் வரைந்துகொள், அந்த வரிசையில் சொல் என்று நாங்கள் விதித்திருக்கிறோம்.

எல்லாவற்றையும் சொல்லியே முடித்துவிட்டால் எழுதக் கற்பது எப்பொழுது என்று என் மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டு தொழில்களையும் தனித்தனியே பயிலவேண்டும் என்பதே எங்கள் ஆசிரியை சொன்ன விடை. கட்டுரை அமைக்கும் நேரத்தில் எழுத்துப் பிழையைப் பற்றிப் பேசக்கூடாது. எழுத்துப் பயிற்சிக்கென்று நாள்தோறும் இருபது நிமிடம் தனியே ஒதுக்கி, ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக இணைக்கவேண்டும். அதில் விடுமுறை கிடையாது. வாய்மொழி அதற்கு மாற்று அன்று. எழுத்து வரும்வரை பிள்ளையின் அறிவு பட்டினி கிடக்காமல் காப்பது அது. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகள் எல்லாரும் சரளமாகப் பேசுபவர்கள் என்றும் எண்ணவேண்டாம். சிலருக்குப் பேசும்போதும் உரிய சொல் சட்டென்று நாவுக்கு வராது. அவர்களிடம் கேள்வி கேட்டுவிட்டுப் பொறுத்திருக்கவேண்டும். நாம் இடையில் புகுந்து சொல்லை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தால், பேச்சும் எழுத்தைப்போல் அச்சம் தருவதாகிவிடும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்லெக்சியா முதலிய கற்றல் இடர்ப்பாடுகளையும் தன் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. உரிய சான்றிதழ் பெற்ற மாணவருக்குப் பொதுத்தேர்வில், அவர் சொல்ல எழுதிக்கொடுப்பவரை அமர்த்திக்கொள்ளும் வசதி உண்டு. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் தேர்வுகளில் மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகவும் கிடைக்கும். ஆனால் தேர்வு மண்டபத்தில் முதன்முறையாக அந்நியர் ஒருவரிடம் விடை சொல்ல முற்படும் பிள்ளை திகைத்துவிடும். எங்கே நிறுத்துவது, எழுதுபவரின் வேகத்துக்கு எப்படி இசைவது, எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்பது ஆகியவற்றை ஆண்டுக்கணக்கில் பழக்கியிருக்கவேண்டும். அதிகாரிகளுக்கே கடிதம் சொல்லும் கலை ஒரு நாளில் வந்துவிடுவதில்லை.

சோதனை எந்த மொழியில் நடந்தது என்று பெற்றோர் தவறாமல் கேட்கவேண்டும். புதிதாகக் குடியேறிய பிள்ளையை இந்தியிலோ ஆங்கிலத்திலோ மட்டும் சோதித்தால், அந்த மொழி பழகாததையே இடர்ப்பாடு என்று முடிவு செய்துவிடக்கூடும். எனக்கு நேர்ந்ததுபோல், இடர்ப்பாட்டையே மொழி பழகாததாக எண்ணி விட்டுவிடவும் கூடும். மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இந்திய மொழிகளிலேயே டிஸ்லெக்சியாவைக் கண்டறியும் சோதனைக் கருவி ஒன்றை 2015-இல் வெளியிட்டது. முதலில் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகியவற்றில் அது அமைந்தது. இத்தகைய பிள்ளைகளுக்கென்று 1990-களின் தொடக்கம் முதலே பணிபுரியும் சங்கம் சென்னையில் இருக்கிறது. ஊருக்குச் செல்லும் விடுமுறையில் அதனை நாடலாம். வீட்டுமொழியில் பிள்ளை எவ்வாறு பேசுகிறது, எவ்வாறு கதை சொல்கிறது என்பதைப் பெற்றோர் குறித்துக்கொண்டு போய் மருத்துவரிடம் சொல்வதும் பெருந்துணை. வடநாட்டு மருத்துவருக்கு அதைச் சொல்லக்கூடியவர்கள் நாம் மட்டுமே.

சென்ற மாதம் என் மகன் ஆச்சிக்குக் கடிதம் எழுதினான். இப்பொழுது அவன் ஏழாம் வகுப்பு. முதல் பக்கத்தை அவன் சொல்ல நான் எழுதினேன். இரண்டாம் பக்கத்தைப் புளியங்கொட்டைகளின் துணையோடு தானே எழுதுவதாகச் சொல்லிவிட்டான். முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. திருத்தட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றான். அப்படியே உறையிலிட்டு அனுப்பினோம்.

ஐந்தாம் நாள் என் தாயார் தொலைபேசியில் அழைத்தார். பக்கத்து வீட்டுப் பெண் கடிதத்தைப் படித்துச் சொன்னாளாம். "ஏன்யா, இந்த வருசம் அங்கே மலை எப்ப வந்துச்சுன்னு எழுதியிருக்கே. மலை எப்படிய்யா வரும்?" என்று பேரனைக் கேட்டார். ழகரத்துக்கு லகரம் எழுதியிருக்கிறான் என்று எனக்கு உடனே புரிந்தது. அவனிடமிருந்து தொலைபேசியை வாங்க நான் கையை நீட்டினேன். அவன் தரவில்லை. சாய்வு நாற்காலியில் கிடந்த தலையணையை எடுத்து நிமிர்த்தி வைத்துக்கொண்டு, "அதுவா ஆச்சி, இரு, சொல்றேன்" என்று தொடங்கினான்.